யாக்கோப்பு ஐயாவின் கடப்பு

நாங்கள் நெடுந்தீவுக்குப் போய்ச் செய்தது உதவியா உபத்திரவமா என்று கேட்டால், இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. செய்யும்போது உதவியாகத்தான் இருந்தது. அதுவும் சிரித்துச் சிரித்துச் செய்தோம். சிரிக்காமல் செய்யவே கூடாது என்று பாதர் முதலே சொல்லியிருந்தாரே.

கரம்பொன் கோவிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் இளைஞர் ஒன்றியத்துப் பிள்ளைகளை நிறுத்தி வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டு செய்யிற உதவி ஆண்டவருக்கும் வேண்டாம், அதை வாங்கிற ஆளுக்கும் வேண்டாம். சந்தோசமாச் செய்ய ஏலாத ஆக்கள் இப்பவே வீட்டை நிண்டிடுங்கோ."

ஒருவரும் நிற்கவில்லை. என் பேத்தி நிலுஜாதான் ஒன்றியத்துத் தலைவி. பெண்பிள்ளைகள் ஓர் இரவு வெளியில் தங்குவதென்றால் கூட ஒரு பெரிய மனிசி போகவேண்டும் என்று தாய்மார் பிடிவாதம் பிடித்தார்கள். அந்தப் பெரிய மனிசி நானானேன். நிலுஜா அம்மம்மா என்று கூப்பிட, மற்றவர்களும் அம்மம்மா என்றே கூப்பிட்டார்கள். எல்லாருக்கும் மஞ்சள் நிறத்தில் ரீசேட் அடித்திருந்தார்கள். எனக்கும் ஒன்று தந்தார்கள். சீலைக்கு மேலால் போட்டுக்கொண்டேன், வேறென்ன செய்ய?

குறிகட்டுவானில் படகு வெளிக்கிட்டதும் பாட்டுத் தொடங்கியது. பாட்டுக்கு மேளம் தட்டியவன் விதுசன். ஒன்றியத்தில் பகிடிக்கு அவன்தான் ஆள். நடுக்கடலில் அலை வயிற்றைப் புரட்டி அவனுக்கே சத்தி வந்துவிட்டது.

"சந்தோசமாச் சத்தி எடடா," என்று அவன் முதுகைத் தடவிக்கொண்டு சொன்னான் நிசாந்தன். இவன் மேசன் வேலை பழகுகிறவன், கை கால் எல்லாம் இரும்பு. அவ்வளவு பேரும் சிரித்தார்கள். விதுசனும் சத்திக்கு நடுவில் சிரித்தான்.

மாவிலித்துறையில் இறங்கியதும் நெடுந்தீவுக் கோவில் உபதேசியார் வந்து எங்களைப் பிரித்துவிட்டார். பாதிப்பேர் கோவில் மண்டபத்துக்கு. அங்கே வயதானவர்களுக்குச் சாப்பாடும் பாட்டும். நானும் நிலுஜாவும் இந்த இரண்டு பெடியன்களும் யாக்கோப்பு என்கிறவரின் வீட்டுக்கு.

"மனிசி செத்துப்போச்சு, பிள்ளையள் வெளியிலை," என்றார் உபதேசியார். "முதுகு ஏலாது. வளவு முழுக்கப் பத்தை. மனுசன் வாய் திறந்து ஒண்டும் கேக்கமாட்டுது. நீங்களாப் பாத்துச் செய்யுங்கோ."

நாங்களாகப் பார்த்துச் செய்யச் சொன்னார். அதை நான் நல்லாய் நினைவில் வைத்திருக்கிறேன்.

யாக்கோப்பு ஐயா மெலிந்த மனிதர். எங்களைக் கண்டதும் குசினிக்குள் ஓடிப்போய்த் தேத்தண்ணிக்கு உலை வைக்கப் பார்த்தார். நிலுஜா விடவில்லை. "நாங்கள் உங்களுக்குச் செய்ய வந்தனாங்கள் ஐயா. நீங்கள் எங்களுக்குச் செய்யிறேல்லை. உங்களுக்கு இண்டைக்குக் கோவிலிலை சாப்பாடு, வெளிக்கிடுங்கோ."

"எனக்கென்ன பிள்ளை வேலை கிடக்கு? இருந்து கதைச்சிட்டுப் போங்கோவன்."

"கதைக்கிறது பிறகு."

அவரைக் கூட்டிக்கொண்டு போக மண்டபத்திலிருந்து கிருசாந்தி வந்து நின்றாள். தன் தகப்பனின் கையைப் பிடிப்பதுபோல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் வாசலில் நின்றார்.

"பொழுதுபட முதல் நான் வந்திடவேணும் பிள்ளை. மாடு..."

"மாட்டை நாங்கள் பாப்பம் ஐயா," என்றான் விதுசன்.

"இல்லை மோனை, அது..."

"தண்ணி வைப்பம், புல்லுப் போடுவம், கேட்டால் பாட்டும் படிப்பம். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

ஐயா சிரித்தார். மரியாதையான மனிதர். பிள்ளைகள் இவ்வளவு ஆசையாகச் சொல்லும்போது மறுத்துக் கதைக்க அவருக்கு வரவில்லை. போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். வீட்டைப் பிறர் கையில் விட்டுப் போகிற கவலையாக்கும் என்று நினைத்தேன்.

பிறகு ஒரே வேலைதான். கிணற்றடி தேய்த்தோம். பத்தை வெட்டினோம். குசினிப் புகைக்கரியைச் சுரண்டினோம். வீட்டுக்குப் பின்பக்கம் மாட்டுக்கொட்டில். அதில் ஒரு பசு படுத்திருந்தது, பக்கத்தில் பிறந்து பத்து நாள்கூட இராத ஒரு நாம்பன் கன்று கட்டியிருந்தது. சிவப்புக் கன்று, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. நிலுஜா வேலையை விட்டுவிட்டு அதைக் கொஞ்சத் தொடங்கிவிட்டாள்.

மத்தியானம் திரும்பிய பிறகுதான் நிசாந்தன் வேலியைக் கண்டான்.

நெடுந்தீவில் வேலி என்றால் ஓலை இல்லை, கதியால் இல்லை, மதிலும் இல்லை. கடற்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். சாந்து இல்லை, சீமெந்து இல்லை. கொட்டிலுக்கு நேரே அந்தக் கல்வேலி இடிந்துபோய், ஓர் ஆள் கைவிரித்து நிற்கிற அகலத்துக்கு வாய் பிளந்து கிடந்தது. கல்லெல்லாம் பக்கத்தில் குவியல்.

"பாவம் மனுசன்," என்றான் நிசாந்தன். "வேலி விழுந்து கிடக்கு, தூக்கி வைக்க முதுகு ஏலாமல் விட்டிருக்கிறார்."

எங்கள் ஊரில் வேலியில் ஒரு மட்டை கழன்றாலே விடிவதற்குள் கட்டிவிடுவோம். இல்லாவிட்டால் பக்கத்து வளவுக்காரன் ஒரு சாண் உள்ளே வந்துவிடுவான் என்கிற பயம். இது இவ்வளவு பெரிய பொத்தல். எனக்கே மனம் கேட்கவில்லை. "அதையும் அடைச்சு விடுங்கோ மக்கள்," என்று நானும் சொன்னேன். சின்னக் கல்லுகளை எடுத்தும் கொடுத்தேன்.

நிசாந்தன் கட்டியதைப் பார்த்திருக்கவேண்டும்! பழைய வேலி கோணலும் மாணலும், இவன் கட்டிய பகுதி மட்டும் நூல் பிடித்ததுபோல. ஆட்டிப் பார்த்தான், அசையவில்லை. விதுசன் அதன்மேல் ஏறி நின்று இரண்டு கையையும் விரித்து "அல்லேலூயா" என்று கத்த, நிலுஜா படம் எடுத்தாள்.

அப்போதுதான் கன்று கத்தத் தொடங்கியது.

முதலில் சும்மா "ம்மா" என்றது. பிறகு நிற்காமல் கத்தியது. நிலுஜா கயிற்றை அவிழ்த்துப் படுத்திருந்த பசுவிடம் கொண்டுபோய் விட்டாள். கன்று மடியில் முட்டியதுதான் தாமதம், பசு எழும்பி ஓர் உதை விட்டது. கன்று போய்ச் சாணிக்குள் விழுந்தது.

"இதென்ன தாய்!" என்று விதுசன் அதிர்ந்துபோனான்.

நான் மடியைத் தொட்டுப் பார்த்தேன். சப்பென்று காய்ந்து கிடந்தது. "பால் வத்திப்போச்சுப் போலை," என்றேன். பத்து நாள் கன்றுக்காரிக்கு எப்படிப் பால் வற்றும் என்று எனக்கு விளங்கவில்லை. இந்தத் தண்ணிக்கும் வெயிலுக்கும் எல்லாம் நடக்குமாக்கும் என்று விட்டுவிட்டேன்.

தேத்தண்ணிக்குக் கொண்டுபோன பால்மாப் பைக்கற்றை உடைத்தார்கள். இளஞ்சூட்டுத் தண்ணியில் கரைத்துச் சோடாப் போத்தலில் விட்டு நிலுஜா பருக்கினாள். முதலில் துப்பியது. பிறகு பழகிவிட்டது. ஒரு போத்தல், இன்னொரு போத்தல். வயிறு மேளம்போல் ஆனதும் கன்று அவளுடைய மடியில் தலையை வைத்துப் படுத்துவிட்டது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மம்மா, நாங்கள் வந்திராட்டி இது செத்திருக்கும்," என்றாள்.

வெயில் சாயும்போது வேலிக்கு வெளியே ஒரு மாடு வந்து நின்றது. செம்மாடு, கொம்பு சின்னன், மடி வீங்கிப் பால் சொட்டிக்கொண்டிருந்தது. நிசாந்தன் கட்டிய இடத்துக்கு நேரே வந்து நின்று கல்லை மணந்து பார்த்தது. ஒரு பக்கம் நடந்தது, திரும்பி வந்து மறுபடி அந்த இடத்தையே மணந்தது. பிறகு அடித்தொண்டையால் கத்தியது.

அதுதான் தாய். உள்ளே கிடந்தது பால்மறந்த கிழட்டுப் பசு. இதை அப்போது யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால்! சொல்வதற்குத்தான் ஒருவரும் இல்லையே, வீட்டுக்காரரைத்தான் நாங்கள் பாட்டுக் கேட்க அனுப்பிவிட்டோமே.

"ஊர்மாடு ஒண்டு உள்ளை வரப் பாக்குது," என்று விதுசன் ஓடினான். கட்டின வேலியை மாடு முட்டித் தள்ளிவிடும் என்று அவனுக்குப் பயம். கையில் கிடந்த சாக்கை விசுக்கிக்கொண்டு வேலிக்கு மேலால் பாய்ந்தான். நிசாந்தனும் பாய்ந்தான். மஞ்சள் ரீசேட்டும் சாக்குமாக இரண்டுபேர் கூவிக்கொண்டு வருவதைக் கண்டு அந்த மாடு நிலை கெட்டு ஓடியது. ஓடி, நின்று, திரும்பிப் பார்த்தது. எனக்கு அந்தப் பார்வை ஒரு மாதிரி இருந்தது.

"தம்பி, அது இந்த வளவு மாடோ தெரியாது," என்றேன்.

"இந்த வளவு மாடு வளவுக்குள்ளை கிடக்கு அம்மம்மா," என்றான் விதுசன். அதுவும் சரிதானே. பனைகளுக்கு அந்தப் பக்கம் மறையும்வரை கலைத்துவிட்டு, மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

பொழுதுபட ஐயா வந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துவிட்டிருந்தார்கள், கழுத்தில் ஒரு கடதாசி மாலை. அவருக்குப் பின்னால் கிருசாந்தி. "ஐயா நாலுதரம் எழும்பினவர், நாங்கள் விடேல்லை," என்று பெருமையாகச் சொன்னாள்.

நிசாந்தன் அவரை நேரே வேலியடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். "எப்பிடி ஐயா?"

ஐயா வேலியைப் பார்த்தார். கையை வைத்துப் பார்த்தார். வேலிக்கு மேலால் எட்டி வெளியே பார்த்தார். பிறகு பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தார். நால்வரும் பல்லெல்லாம் தெரிய நிற்கிறார்கள்.

"நல்லாக் கட்டியிருக்கிறியள்," என்றார். "வடிவாக் கிடக்கு."

"சாந்து இல்லாமலே நிக்கும் ஐயா, புயலுக்கும் அசையாது."

"ஓம் தம்பி. அசையாது."

அவ்வளவுதான். மாலையைக் கழற்றி ஆணியில் கொழுவினார். கொட்டிலுக்குப் போய்க் கன்றைப் பார்த்தார், அதன் வயிற்றைத் தடவினார், எங்களை ஒருமாதிரிப் பார்த்தார். கயிற்றை எடுத்தார், திருப்பி வைத்தார். எங்களுக்குத் தேத்தண்ணி வைத்துத் தந்தார். தான் குடிக்கவில்லை.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மண்டபத்தில் யாரும் ஏதும் சொல்லிவிட்டார்களோ? குசினிச் சுவரில் மனிசியின் கை பட்ட கரி இருந்து, அதை நாங்கள் சுரண்டிவிட்டோமோ? நிலுஜா என் காதுக்குள் கேட்டாள்: "ஏன் அம்மம்மா ஐயா சந்தோசமா இல்லை?"

"களைப்பாக்கும்," என்றேன். எனக்கென்ன தெரியும்?

தெரிந்தது பக்கத்து வளவுக் கிறேசம்மாவால். இந்தக் கிறேசம்மாவின் குரலை நான் சொல்லியே ஆகவேண்டும். சாதாரணமாக "சாப்பிட்டாச்சோ" என்று அவள் கேட்டாலே பனையிலிருக்கிற காகம் எழும்பும். கடற்கரையிலிருந்து வந்தவள் வேலியைக் கண்டாள்.

"ஆரடா உந்தக் கடப்பை அடைச்சது!"

எல்லாரும் திடுக்கிட்டுத் திரும்பினோம்.

"எது அன்ரி கடப்பு?" என்றான் நிசாந்தன்.

"உன்ரை முதுகுக்குப் பின்னாலை நிக்கிறது என்ன, கோவில் கோபுரமோ? மாடு உள்ளை வாற வழி! பின்னேரம் அது வர, அண்ணை நிண்டு உள்ளை விட்டிட்டு, முதுகு ஏலாட்டியும் ஒவ்வொரு கல்லா வைப்பார். காலமை கல்லை எடுப்பார். ஒவ்வொரு நாளும் நடக்கிற வேலை. செம்பி எங்கை? வந்ததோ?"

"கடப்பெண்டால் ரெண்டு கட்டை நட்டுக் குறுக்காலை தடி போட்டிருக்கவேணுமே," என்றான் அவன். குரல் இறங்கிவிட்டது.

"தடிக்கு இஞ்சை எங்கையடா மரம்? எடுத்தால் கடப்பு, வைச்சால் வேலி. சரி, செம்பி வந்ததோ எண்டு கேட்டனான்."

விதுசன்தான் மெதுவாகச் சொன்னான்: "ஒரு சிவத்த மாடு வந்தது அன்ரி. நான்... கலைச்சு விட்டனான்."

"எவ்வளவு தூரம்?"

"காணாமல் போகுமட்டும்."

கிறேசம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு கல்லின்மேல் இருந்துவிட்டாள். பிறகு அவள் சொல்லித்தான் எங்களுக்கு விளங்கியது. போன வறட்சியோடு ஐயாவின் மாடுகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. மிஞ்சியது அந்தக் கிழடும் இந்தச் செம்பியும். செம்பி வெளியில் திரிந்து வளர்ந்த மாடு, இதுதான் அதற்குத் தலைக்கன்று. கன்று போட்ட பிறகுதான் வீட்டுப்பக்கம் வரப் பழகியது. ஐயா ஒருவரைத் தவிர வேறு ஆள் அசைந்தால் கிட்ட வராது. பயந்து தெற்குப்பக்கத்துக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டால் திரும்பாது. தாய் திரும்பாவிட்டால் கன்று இல்லை. அதன் பிறகு ஐயாவுக்கு மாடும் இல்லை, பாலும் இல்லை, பொழுதுபட வழி பார்த்து நிற்க ஒன்றும் இல்லை.

"ஏன் ஐயா நீங்கள் சொல்லேல்லை?" என்று நிலுஜா அழுதாள்.

"நீங்கள் எவ்வளவு சந்தோசமாச் செய்துபோட்டு நிக்கிறியள் பிள்ளை," என்றார் ஐயா. "அதுக்குள்ளை என்னெண்டு சொல்லுறது?"

தான் கட்டியதை நிசாந்தன் தானே பிரித்தான். கட்ட எடுத்த நேரத்தில் கால்வாசிகூட ஆகவில்லை. ஐயா கயிற்றோடு வெளியே போனார். பெடியன்களும் வெளிக்கிட, "உந்த உடுப்போடை ஒருத்தரும் வராதேங்கோ," என்று கிறேசம்மா மறித்தாள். ஐயா இருட்டிய பிறகு வெறுங்கயிற்றோடு வந்தார். நாங்கள் கோவில் மண்டபத்துக்குப் படுக்கப் போனோம். அன்றைக்கு ஒருவரும் பாடவில்லை.

காலையில் நாங்கள் நால்வரும் சொந்த உடுப்போடு ஐயாவின் வளவில் நின்றோம். செம்பி வரவில்லை. விடிய எழும்பித் தெற்குப்பக்கம் பார்த்துவிட்டு வந்த ஐயா கொட்டிலடியில் குந்தியிருந்தார்.

"கண்டைப் பிடிச்சுக்கொண்டு போய்த் தாய்க்குக் காட்டினால் என்ன?" என்று நான் கேட்டேன்.

"கண்டும் அதோடை போய்விடும் தங்கச்சி. உவ்வளவு தூரம் நடக்காது, நாய் இழுத்துப்போடும்," என்றார் ஐயா.

"இஞ்சை கடப்படியிலை கட்டவேணும்," என்றாள் கிறேசம்மா. "கத்துறது கேட்டால் தாய் வரும்."

"கத்தினாலும் வருமோ தெரியாது. நேற்றுப் பயந்தது."

"வரும் அண்ணை!"

"வராமலும் விடும்."

"பின்னை என்னத்துக்கு விடிய எழும்பித் திரிஞ்சனீர்?"

கன்றைக் கொண்டுபோய்க் கடப்படியில் கட்டினார்கள். நாங்கள் வீட்டுக்குள் ஒதுங்கி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தோம். கன்று ஒரு தடவை சுற்றிப் பார்த்தது. வாலை ஆட்டியது. படுத்தது. நித்திரையாகிவிட்டது.

"என்ன இது கத்துதில்லை?" என்றாள் கிறேசம்மா. "இரவு முழுக்கப் பட்டினி கிடந்த கண்டு வானத்துக்குக் கத்தவேணுமே!"

ஐயா போய்க் கன்றின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். எங்கள் பக்கம் திரும்பினார். நான் நிலுஜாவைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"விடியக் கத்தினது மண்டபத்துக்கும் கேட்டது," என்றாள். "எனக்குக் கேட்டுக்கொண்டு கிடக்க ஏலேல்லை. ஓடிவந்து ரெண்டு போத்தல் குடுத்தனான்."

"ரெண்டோ?"

"கடைசியாக் கொஞ்சம் கூட."

விதுசன் சிரித்துவிட்டான். பிறகு யாரும் சிரிக்கவில்லை என்று கண்டு வாயைப் பொத்தினான். கிறேசம்மாவுக்குக் கோபம் வரப்போகிறது என்று நான் பயந்தேன். அவளோ என்னைப் பார்த்து, "அக்கா, உங்கடை ஊரிலை எல்லாப் பிள்ளையளும் இப்பிடி நல்ல பிள்ளையளோ?" என்று கேட்டாள். அது புகழ்ச்சியா திட்டா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இனி என்ன செய்வது? கன்றுக்குப் பசிக்கவேண்டும். பசித்துக் கத்தவேண்டும். அதுவரைக்கும் ஒன்றும் செய்யக் கூடாது. பெடியன்களுக்கு இது விளங்கவே இல்லை.

"நான் கிணத்துக்குள்ளை இறங்கிச் சேறு அள்ளட்டே ஐயா?" என்று கேட்டான் நிசாந்தன்.

"வேண்டாம் தம்பி. சத்தம்."

"கூரை ஓடு ரெண்டு விலகிக் கிடக்கு..."

"கூரையிலை ஆளைக் கண்டால் மாடு வருமே?"

"அப்ப நாங்கள் என்னதான் செய்யிறது?"

"இருங்கோ."

"சும்மாவோ?"

"ஓம். சும்மா."

அவன்களின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. இரும்புக் கையை மடியில் வைத்துக்கொண்டு நிசாந்தன் சுவரில் சாய்ந்திருந்தான். "பாதர் இதையும் சந்தோசமாச் செய்யச் சொல்லுவாரோ?" என்று விதுசன் என்னிடம் குசுகுசுத்தான். எனக்கென்ன தெரியும்? ஐயா எங்களுக்குப் புழுக்கொடியல், பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தது, கொண்டுவந்து தந்தார். உதவி செய்ய வந்தவர்கள் ஒரு கிழவனின் வீட்டில் வரிசையாக இருந்து அவருடைய கொடியலைச் சப்பிக்கொண்டிருந்தோம். சத்தம் வராமல் சப்பவேண்டும் என்று அதையும் ஊறப்போட்டுச் சப்பினோம்.

மத்தியானம் கழிந்தது. பின்னேரப் படகுக்குப் போகவேண்டும். அதை விட்டால் அடுத்த நாள்தான். மண்டபத்திலிருந்த பிள்ளைகளும் பைகளைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டார்கள்.

கன்று எழும்பியது. கயிற்றின் நீளத்துக்குப் போய்ப் பார்த்தது. நிலுஜா நிற்கிற யன்னலைத் தேடிப் பிடித்து, அவளைப் பார்த்துக் கத்தியது.

அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். கன்று மறுபடி கத்தியது. பால்மாப் பைக்கற் பக்கத்தில், பைக்குள் கிடக்கிறது. "அம்மம்மா, என்னைத்தான் கூப்பிடுது," என்றாள்.

"உன்னைத்தான்," என்றேன். வேறென்ன சொல்வது? உண்மையும் அதுதானே. நேற்று முழுக்கப் பால் கொடுத்தவள் அவள்தானே. தாயைக் கூப்பிடுகிறதா, போத்தலைக் கூப்பிடுகிறதா என்று கன்றுக்கே தெரிந்திருக்காது. அவள் போகவில்லை. யன்னலை விட்டு விலகிச் சுவர்ப்பக்கம் திரும்பி இருந்துகொண்டாள். கன்று இப்போது உண்மையாகவே கத்தியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதைப் போல ஒரு வேலையை நான் என் வாழ்நாளில் செய்ததில்லை.

"உங்கை பாருங்கோ," என்றார் ஐயா.

பனைகளுக்கு அந்தப் பக்கம், வெட்டைவெளியில், சிவப்பாக ஒன்று நின்றது. தலையை உயர்த்திக்கொண்டு நின்றது. நான்கு அடி வந்தது. நின்றது. வீட்டு வாசலில் பைகளோடு நிற்கிற அவ்வளவு சனத்தையும் பார்த்தது. இரண்டு அடி பின்னால் போனது.

"வந்திட்டுது!" என்று கிருசாந்தி வாய்விட்டுக் கத்தப்போக, நிசாந்தன் அவள் வாயைப் பொத்தினான்.

"நீங்கள் நிக்கும்வரைக்கும் அது கிட்ட வராது," என்றார் ஐயா. சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று முகத்தில் தெரிந்தது. "கோவிக்காதேங்கோ பிள்ளையள். படகுக்கும் நேரமாகுது."

"வாறதைப் பாத்திட்டு..." என்றாள் நிலுஜா.

"பாக்க நிண்டால் வராது பிள்ளை."

"நாங்கள் போனால் வருமோ ஐயா?"

"எனக்கென்ன தெரியும்? அதின்ரை மனசு. போய்ப் பாப்பம்."

இப்படித்தான் நாங்கள் அந்த வளவை விட்டு வந்தோம். போட்டுவாறம் என்று சொல்லவும் இல்லை. ஒருவர் பின் ஒருவராகக் கிறேசம்மாவின் வளவுக்குள்ளால் குனிந்துகொண்டு, கள்ளர் போவதுபோல் போனோம். கோழிகள்கூடக் கலையவில்லை. ஐயா கடப்படியில் ஒரு கல்லைப்போல அசையாமல் இருந்தார். கிறேசம்மா தன் குசினி யன்னலில் நின்றாள். நிலுஜா அவளுடைய போன் நம்பரைக் கையால் சாடை காட்டிக் கேட்டாள். அவள் விரல்களால் ஒவ்வொன்றாகக் காட்ட, இவள் தன் போனில் அடித்துக்கொண்டாள்.

கன்று கத்துவது துறைக்குப் போகிற பாதை முழுக்கக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. நாங்கள் தூரம் வந்துவிட்டோமா, அது நிறுத்திவிட்டதா என்று ஒருவருக்கும் தெரியாது.

"குடிக்குதாக்கும்," என்றாள் கிருசாந்தி.

"களைச்சு விழுந்திட்டுதாக்கும்," என்றான் விதுசன்.

"வாயை மூடடா."

நிசாந்தன் இரண்டு தடவை நின்றான். திரும்பி ஓடிப்போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவதற்கு நேரமும் இருந்தது, காலும் இருந்தது. ஆனாலும் போகவில்லை. நின்ற இடத்தில் நின்றுவிட்டு மறுபடி எங்களோடு நடந்தான்.

படகில் ஏறி இருந்தோம். மற்றச் சனமும் ஏறியது. ஆடு ஏறியது, சைக்கிள் ஏறியது, எஞ்சின் தொடங்கியது. வரும்போது பாடிய பிள்ளைகள் ஆளையாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போகாமலே இருந்திருந்தால் அந்த மாடு நேற்று நேரத்துக்கு வந்து பால் கொடுத்திருக்கும். ஆனால் அந்த மனிதருடைய முதுகுக்கு அந்தப் பத்தை வெட்டுப்பட்டிராது, அந்தக் கிணற்றடி ஒரு நாள் அவரை வழுக்கி விழுத்தியே இருக்கும். அதையும் நினைக்கத்தானே வேண்டும்? எதை எதால் கழிப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

நிலுஜா போனை எடுத்தாள். அடித்தாள். மணி போனது, போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எல்லாரும் அவளைச் சுற்றித் தலையைக் கொண்டுவந்து வைத்தோம்.

எடுபட்டது.

"அன்ரி, நான் நிலுஜா. வந்ததோ?"

காகத்தை எழுப்புகிற அந்தக் கிறேசம்மா, மூச்சு விடுவதுபோல் ஒரு சத்தத்தில் சொன்னாள்: "இப்ப கதையாதையும் பிள்ளை." அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

"என்னவாம்?" என்றான் விதுசன்.

"கதைக்க வேண்டாமாம்."

விதுசன் வாயைத் திறந்தான், மூடினான். நிசாந்தன் மேளத்தை எடுத்து மடிக்குள் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். எஞ்சின் காது கிழிய இரைகிறது. ஆடு கத்துகிறது. பக்கத்தில் இருந்த மனிசி யாருக்கோ போனில் மீன் விலை சொல்லிக்கொண்டு வருகிறாள். எங்கள் பிள்ளைகள் மட்டும், தாங்கள் கதைத்தால் அந்த மாட்டுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல், குறிகட்டுவான் வரும்வரை ஒரு சொல்லும் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை.